ஜெனரேட்டருக்கு ஒரு மாலை

11 மார்ச் 2025, செவ்வாய், புந்தோங், மலேசியா

காலையில் அறை ஏர்கோனைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். என் வீட்டுக்காரர் இவருக்கு வேர்வையே அதுதான். ஒன்பது வருசத்துக்கு முன்னால் லோரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டப் போய் விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று, வேர்ப்பதும் போயிற்று. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகும், காய்ச்சல் மாதிரி ஏறிப் பேச்சுக் குழறும். அதனால் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கேயும் போனதில்லை.

மத்தியானம் விஸ்வநாதன் முதலாளி வந்தார். இவர் பத்தொன்பது வருசம் லோரி ஓட்டியது அவரிடம்தான். இன்றைக்கும் மாதம் ஒரு தடவை வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேசிவிட்டுத்தான் போவார். இன்று போகும்போது ஒரு சாவியை நீட்டினார்.

"கோப்பெங் ஸ்டோர்ல என் பழைய கேரவன் வண்டி சும்மா கெடக்கு மங்களம். உள்ள கட்டில் இருக்கு, ஏர்கோன் இருக்கு, கரண்டுக்கு ஜெனரேட்டரும் இருக்கு. ரெண்டும் ஓடல. ஓட வச்சிட்டன்னா சீனிய எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ."

சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

14 மார்ச், வெள்ளி

கொழுந்தன் தர்மேந்திரனோடு கோப்பெங் போய்ப் பார்த்தேன். 1987-ல் செய்த வண்டி. எலி புகுந்து மெத்தையில் குடும்பமே நடத்தியிருக்கிறது. ஓட்டுநர் பக்கத்து ஏர்கோன் எப்போதோ செத்துவிட்டது. இருப்பது கூரை மேலே ஒன்று. அதற்குக் கரண்டு கொடுக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர் வண்டியின் பக்கவாட்டில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிக் கதவு முழுக்கக் காற்றுக் கம்பிகள்.

"அண்ணி, இது ஆவுற கதையா?" என்றான்.

ஆகாமல் என்ன? இருபத்திரண்டு வருசம் ஃபேக்டரியில் நின்று சால்டரிங் பண்ணியவள்டா நான். மீட்டர் பிடிக்கத் தெரியும். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

எங்கே போக வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். சுங்கை சிப்புட் பக்கம், இவர் பிறந்த தோட்டம். மே 18 மாரியம்மன் திருவிழா. தொழிலாளிகளின் லயன் வரிசை வீடுகளை இடித்து எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்டார்கள், கோயில் மட்டும் நிற்கிறது. ஆனாலும் ரதம் பழைய வழியில்தான் வரும். யார் வீடு எங்கே இருந்ததோ அங்கே அவரவர் கூடாரம் போட்டு அர்ச்சனைத் தட்டோடு நிற்க வேண்டும், ரதம் அங்கே நிற்கும். ஒன்பது வருசமாக எங்கள் இடத்தில் தர்மேந்திரன்தான் தனியாக நிற்கிறான்.

15 மார்ச், சனி

சொன்னேன். இவரிடம், திருவிழாவுக்குப் போகலாம் என்று. இவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே தடவ வாரேன். வழியில எதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் என்னைக் கூப்பிடாத. அடுத்த தடவன்னு ஒண்ணு கெடையாது."

சரி என்றுவிட்டேன். வேறு என்ன சொல்ல?

23 மார்ச், ஞாயிறு

ஜெனரேட்டர் இழுக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. பழைய பெட்ரோல் கார்ப்பரேட்டரில் அரக்கு மாதிரி உறைந்திருந்தது. மூன்று மணி நேரம் ஊசிக் கம்பியும் பல் துலக்கும் பிரஷுமாக உட்கார்ந்தேன். மாலை நாலரைக்குப் பிடித்தது! தர்மேந்திரனைக் கட்டிப் பிடிக்காத குறை. விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது.

30 மார்ச், ஞாயிறு

ஏர்கோனைப் போட்டால் ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கிவிட்டு நிற்கிறது. ஏழு தடவை. சனியன்.

5 ஏப்ரல், சனி

சிம்பாங் பூலாயில் ஏர்கோன் கடை வைத்திருக்கும் ஆ கியோங் ஏணி போட்டுக் கூரையில் ஏறினான். மூடியைத் திறந்ததுமே, "அக்கா, இனி சுடா மத்தி," என்று ஒரு சின்ன டப்பாவைக் காட்டினான். மலாய்ப் பேச்சு, இது செத்துப் போச்சாம். கெப்பாசிட்டர். ஏர்கோன் கிளம்பும்போது முதல் உதை கொடுப்பது அதுதான். தலையணை மாதிரி உப்பியிருந்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறாமல் கீழேயே இருந்தது என் தப்பு. புதுசு மாட்டினான், கிளம்புவதற்குக் கூடுதல் உதை கொடுக்கும் இன்னொன்றையும் சேர்த்து. யாருக்கு என்று கேட்டான், சொன்னேன். கூலி பேச்சையே எடுக்கவில்லை. நாற்பது வயசு மனுசன், ஏணியை மடக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

குளுகுளுவென்று வந்தது. உள்ளே டிகிரி 24. மெத்தை இல்லாத பலகையில் படுத்துக்கொண்டு அழுதேன். நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

20 ஏப்ரல், ஞாயிறு

இரண்டு மணி நேரம் ஓடிற்று, நின்றது. திரும்பப் பிடிக்கவே இல்லை. கார்ப்பரேட்டரை மறுபடி பிரித்தேன், சுத்தமாக இருக்கிறது. கெப்பாசிட்டர் நன்றாக இருக்கிறது. பிறகு என்னதான் வேண்டும் இதற்கு? திருவிழாவுக்கு நாலே வாரம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன பண்ணினார்.

21 ஏப்ரல், திங்கள்

வெட்கக்கேடு. முதலாளிக்குப் போன் பண்ணினேன். "பெட்ரோல் எவ்வளவு இருந்துச்சு?" என்றார். கால் தொட்டிக்குக் கொஞ்சம் கீழே. "அங்கதான் மங்களம். வண்டியும் அதுவும் ஒரே தொட்டியிலதான் குடிக்கும். கால்வாசிக்குக் கீழ போச்சுன்னா ஜெனரேட்டருக்கு வராது. நடுவழியில நிக்காம வீட்டுக்கு வரணும்ல, அதுக்காக அப்படிச் செஞ்சிருக்கான்."

யாரோ முகம் தெரியாத ஒருவன் முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால் நான் வீடு திரும்ப வேண்டும் என்று யோசித்திருக்கிறான். அவனைப் போய் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேனே.

4 மே, ஞாயிறு

தொட்டி நிறையப் பெட்ரோல். மெத்தை புதுசு. வெயிலில் நிறுத்தி ஐந்து மணி நேரம். நிற்கவே இல்லை.

17 மே, சனி

நாளைக்கு. தெர்மாமீட்டர், ஈரத்துண்டு, ஐஸ் பெட்டி, தேங்காய், வெற்றிலை. இவர் முகச்சவரம் பண்ணிவிடச் சொன்னார்!

19 மே, திங்கள்

நேற்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலை எட்டுக்குப் புறப்பட்டோம். தர்மேந்திரன் முட்டையை மடியில் வைத்திருப்பவன் மாதிரி ஓட்டினான். ஜெனரேட்டர் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தது. எங்கள் இடத்தில், பலா மரத்துக்கு எதிரே, பக்கக் கதவு ரதம் வரும் பாதையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினோம். இவர் கண்ணாடி வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புச் சூடு 36.8.

பன்னிரண்டரைக்குப் பூசாரி, அம்மனுக்குச் சாத்திய மாலையைக் கொடுத்தனுப்பினார், கை தடிமன் செவ்வந்தி. வண்டி முன்னால் மாட்டு என்றார்கள். முன்னால் என்ன இருக்கிறது? இரண்டு மாதமாக என்னோடு மல்லுக்கட்டி, கடைசியில் மனசு இறங்கி உழைக்கிறது இந்த ஜெனரேட்டர்தானே? அதன் கதவில் மஞ்சள் துணியைச் சுற்றி, மாலையை மூன்று மடிப்பாகப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். நல்லா இருப்பா நீ என்று வாய்விட்டே சொன்னேன்.

இரண்டே காலுக்கு நின்றது.

பெட்ரோல் முக்கால் தொட்டி. மாலையை அலுங்காமல் ஒதுக்கிக் கதவைத் திறந்து பார்த்தேன், வயர் எல்லாம் சரி. கதவை மூடினேன். மாலை கோணிவிட்டது என்று அதை வேறு நேராக்கிவிட்டேன், கேளு கதையை! இழுத்தால் பிடிக்கவில்லை. வெளியே 35. உள்ளே இவர் உடம்புச் சூடும் ஏறத் தொடங்கிவிட்டது. 37.4. ஈரத்துண்டு. ஐஸ். 38.1. கன்னம் சிவந்துவிட்டது. தூரத்தில் மேளம் கேட்க ஆரம்பித்தது.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிடவா?" தர்மேந்திரன் அழுதுவிடுவான் போல இருந்தான்.

ஓட்டு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது இவர், நாக்குக் கொஞ்சம் தடித்து: "இரு... நிக்கிறதுக்கு முன்ன சத்தம் கனத்துச்சு. சூட்டுல மூச்சு முட்டுற சத்தம். ரேடியேட்டர் முன்னால சாக்கு கட்டுனா லோரி இப்படித்தான் நிக்கும். அதுல என்ன கட்டுன நீ?"

ஐயோ, என்ன கட்டினேன்! ஓடிப் போய் மஞ்சள் துணியைப் பிடித்துக் கிழித்தேன். மாலையில் கை வைத்ததும், "அண்ணி, அம்மன் மாலை..." என்று தர்மேந்திரன் பின்வாங்கினான். ஆத்தா, நீயே பாத்துக்க என்று சொல்லிக் கழற்றிவிட்டேன். கீழே போடக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

"கொண்டா. எங் கழுத்துல போடு," என்றார் உள்ளேயிருந்து.

போட்டேன். "படுத்துக்கிட்டு மாலையோட கெடந்தா பொணம்னு நெனைச்சிருவாங்க லா. கண்ணத் தொறந்தே வச்சிருக்கேன்," என்றார்.

ஒன்பது வருசத்தில் முதல் கிண்டல். நானும் தர்மேந்திரனும் சிரித்துக்கொண்டே பெட்டிக்கு விசிறினோம், ஆளுக்கொரு அட்டை. பதினெட்டு நிமிசம். இடையில் 38.3. பிறகு இழுத்தேன், பிடித்தது. ஏர்கோனைப் போட்டேன், ஒரு முக்கு முக்கியது, ஓடியது. கும்பிடத் தூக்கிய கையைக் கீழே போட்டுக்கொண்டேன். இனி மனசுக்குள்ளேயே கும்பிடுவது.

ரதம் எங்கள் இடத்துக்கு வரும்போது 37.5. பக்கக் கதவைத் திறந்தோம். பூசாரி படியேறி உள்ளே வந்து நெற்றியில் திருநீறு பூசினார். பேர் கேட்டார், வழக்கமாகத் தர்மேந்திரன் சொல்வான். இவரே சொன்னார், சத்தமாக. "சீனி. ரெண்டாவது லயன், ஏழாம் வீடு."

வெளியே பழைய லயன்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "டேய் சீனி!" என்று ஒரு குரல். எனக்கு அதற்கு மேல் எதுவும் சரியாகத் தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது.

24 மே, சனி

முதலாளியிடம் சாவியைக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "கோப்பெங்ல எலிக்குத்தான் அது வீடு. உங்கிட்டயே இருக்கட்டும்." காலைத் தொட்டுக் கும்பிட்டேன், கூச்சப்பட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினேன். இன்னொரு தடவை போகலாமா என்று இவரிடம் கேட்கவில்லை. ஒரே தடவை என்றுதான் பேச்சு.

7 ஜூன், சனி

மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து கூப்பிட்டார். தண்ணீருக்கு என்று நினைத்துப் போனேன்.

"மங்களம், அந்த ஜெனரேட்டருக்கு இன்ஜின் ஆயில் மாத்துனியா?"

"இல்லியே. ஏன்?"

"அவ்வளவு சூடாச்சுல்ல, மாத்திரு. அடுத்த தடவ லூமுட் கடக்கரை வரைக்கும் தாங்கணும் லா."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, மாவுக் கையோடு ஆயில் டின்னைத் தேடப் போனேன்.