சீனி போடாத பெருநாள் சட்னி

கொடகவெல
10.12.1980

அன்பு மகன் ஜாபிருக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நீ உடம்பு சுகத்தோடு, வேளைக்குத் தின்று வேளைக்குத் தூங்கி இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே நானும் உன் தங்கச்சி ஸபியாவும் சுகம். வாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து பன்னிரண்டு நாளாகிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வெட்டிய இடம் ஆறி வருகிறது, ஆனால் இல்லாத பாதம் அரிக்கிறது என்று சொறியச் சொல்கிறார், நான் போர்வையைச் சொறிந்துவிடுகிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த தோட்டத்துச் சனம் நம் கடை பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது ஸபியா காலையில் மட்டும் திறக்கிறாள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் விடிந்துவிடும் என்று ஸபியா வாங்கி வாப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். வாயைக் கட்டத் தெரியாத மனுஷன், தேத்தண்ணிக் கடையில் களவாக இனிப்புத் தின்று காலைத் தொலைத்தார், இனி நாங்கள்தானே சுமக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பாதியில் நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புள்ள சொல்றது சரிதானே என்றார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் உன்னை ஏச எனக்கு வாயில்லை மகன், ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாக வாசி.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் கண்ட நாளிலிருந்து நீ எழுதுவது ஒன்றுதான், ஒரு மணி சீனி கொடுக்க வேண்டாம் என்று. நான் கொடுக்கவில்லை. நாலு வருஷம் வெறும் தேத்தண்ணிதான் குடித்தார். பெருநாளைக்கு நாங்கள் நெய்ச்சோற்றில் அன்னாசிச் சட்னியைப் போட்டுப் பிசைவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார், எனக்குச் சோறு இறங்காது. இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் சீனி போடாமல் காய்ச்சுவது என்று முடிவு செய்தேன். கித்துள் பாணி மரத்துப் பதநீரைக் காய்ச்சுவதுதானே, சீனி வருத்தக்காரருக்கு ஒன்றும் செய்யாது என்று இந்த ஊரில் சொல்லாத ஆள் கிடையாது, நானும் நம்பினேன். கடைப் பாணியில் சீனி கலப்பார்கள் என்று, மலையில் கித்துள் மரம் சீவுகிற அப்புஹாமிக்கே ஆள் அனுப்பிக் கொண்டுவரச் சொன்னேன். அவன் வாசலில் நின்று, சீனி நே நோனா, சீனி நே என்று சிங்களத்தில், சீனியே இல்லையென்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினான். உண்மைதான், அவன் ஏமாற்றவில்லை, சுத்தமான பாணிதான். அன்னாசி, இஞ்சி, உள்ளி, செத்தல் மிளகாய், கறுவா, வினாகிரி எல்லாம் போட்டு, பாணி அடிப்பிடிக்கும் என்று கை எடுக்காமல் கிண்டினேன். கறுப்பாகத்தான் வந்தது, ஆனால் அப்படி ஒரு ருசி. இதில சீனி இல்ல, பயப்படாம தின்னுங்க என்று நானே அள்ளி வைத்தேன். பெருநாள் முடிந்தும் விடவில்லை, மூன்று போத்தல் தீரும்வரை காலையில் பேக்கரிப் பாண் துண்டிலும் பூசிக் கொடுத்தேன். போதும் றுகையா என்று அவர் சொன்ன நாளும் உண்டு, நான்தான் கேட்கவில்லை. பெருவிரலில் செருப்புக் கடித்து ஆறிக்கொண்டிருந்த சின்னப் புண் அந்த நாட்களில்தான் கறுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், இந்த அளவுக்கு ஏற என்ன சாப்பிட்டீங்க, சீனியா, கருப்பட்டியா, பாணியா என்று. பாணி என்றதும் எனக்கு அந்த மூன்று போத்தலும் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் வாப்பா முந்திக்கொண்டார். வீட்டுல எங்கட ஆள் ஒன்னும் தரமாட்டா, நான்தான் தேத்தண்ணிக் கடையில களவாத் தின்டேன் என்றார். டாக்டர் அவரைப் பிள்ளையை ஏசுவதுபோல் ஏசினார், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஸபியா அதை நம்பித்தான் உனக்கு எழுதினாள், அவளை ஒன்றும் சொல்லாதே. வெளியே வந்து நர்ஸிடம் கேட்டேன், பாணியும் சீனியும் இந்த வருத்தத்துக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை நாளில் நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போதுகூட அந்தச் சட்னியைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பேச்சை எடுத்தால், தண்ணி கொண்டா என்கிறார்.

மகன், இதை வாசித்த கையோடு வாப்பாவுக்கு எழுது. மன்னிப்புக் கேட்டு எழுது, மரியாதையாக எழுது. சட்னி என்ற சொல் அதில் வரக்கூடாது, நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அவசரப்படாதே, ஒப்பந்தம் முடித்து வா. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள், தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும், உன் கையில் பரக்கத்தைத் தரட்டும்.

எனக்கு எழுத வேண்டியதைத் தனித்தாளில் எழுதி, என் பெயருக்கு வேறாக அனுப்பு. ஸபியாவிடம் கொடுக்கமாட்டேன், எத்தனை நாள் சென்றாலும் நானே எழுத்துக் கூட்டி வாசிப்பேன். வாப்பாவை ஏசி நீ எழுதிய அந்தச் சொற்களில் ஒன்றையும் குறைக்காமல் எனக்கு எழுது.

உன் உம்மா
றுகையா ஜுனைதீன்