கொற்றியின் இடக்கால் குறித்துத் தம்பிக்கு விடுத்த ஓலை

மலைவளமும் நீர்வளமும் குன்றா வெண்குன்ற நாட்டை ஆளும் அரசி, ஏழ்மதில் காவலுடையாள், உலகுடைய நங்கையாகிய யாம், ஆலத்தேரிக் கரைப் பாசறையிலிருந்து, எமக்குப் பதிலாய்த் தலைநகரில் வீற்றிருக்கும் எம் இளவல், செங்கோல் துணைவன், இளங்கோச் சேந்தனுக்கு விடுக்கும் ஓலை. நீயும் நகரமும் நலமாக இருப்பீர்களாக. நின் கோட்டையில் விளக்கும் கோயிலில் மணியும் ஓயாதிருக்கட்டும். வாழ்த்து இவ்வளவே. இனி எழுதுவதை அமைச்சர் எவரும் உடனில்லாமல் தனியே படிக்கக் கடவாய்.

ஆலத்தேரியின் மதகு எந்நாட்டிற்கு உரியது என்பதைப் போரின்றி மூன்று நாள் கோற்போட்டியால் தீர்ப்பதென யாமும் கருங்குன்ற நாட்டாரும் உடன்பட்டதை நீ அறிவாய். மை தோய்த்த கோல்முனையால் எதிராளியின் மார்பைத் தொடுபவர் அன்றைய ஆட்டத்தை வெல்வர். இரண்டு ஆட்டம் வென்றவர் நாட்டிற்கே மதகு. நம் பதினேழு ஊர்களின் நெல் அந்த மதகின் வாயில் நிற்கிறது. அவர்கள் பக்கம் துடியன் என்னும் மல்லன் நின்றான். பனைமரத்துக்குக் கை முளைத்தாற்போன்ற உருவம். நம் பக்கம் ஓடக்காரர் குடியில் பிறந்து, ஓடம் தள்ளும் கழியைப் பிடித்தே கோல் பழகிய கொற்றி நின்றாள்.

முதல் நாள் கொற்றி தோற்றாள். இடக்காலை நொண்டினாள், பின்வாங்கினாள், இடத்தோளை மீண்டும் மீண்டும் திறந்து கொடுத்தாள். நம் வீரர்கள் தலைகுனிந்தார்கள். யாம் சினந்து அவளை அழைத்துக் கேட்டபோது, நீரருந்திவிட்டு அமைதியாக அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறோம்: "அவன் எங்க அடிப்பான்னு நான் தேடமாட்டேன் தாயே. எங்க அடிக்கணும்னு நானே இடம் காட்டுவேன். இன்னிக்குப் பூரா காட்டியாச்சு. நாளைக்கு அவன் கை தானா அங்க போவும். அப்ப நான் அங்க இருக்கமாட்டேன்." கால் நலமா என்று கேட்டதற்கு எழுந்து நின்று அந்த இடக்காலிலேயே குதித்துக் காட்டினாள்.

தோல்விச் செய்தி கேட்டு நகரம் கலங்குமே என்றெண்ணி, அந்தச் சூழ்ச்சியை மறையோலையில் எழுதி, அரக்கு முத்திரையிட்டு, உனக்கு மட்டும் விடுத்தோம். யாம் செய்த பிழை அதுவே.

சேந்தா, நீ என்ன செய்தாய்? மறுநாள் ஆட்டம் தொடங்கும் வேளையில், நீ முத்திரையிடாமல் விடுத்த ஓலையோடு உன் தூதன் முரசறைந்துகொண்டு களத்திற்குள் வந்தான். முத்திரையில்லாத திறந்த ஓலையை இரு நாட்டார் முன்னும் உரக்கப் படிப்பது களமரபு என்று நாலு வயதில் உனக்குக் கற்பித்திருக்கிறார்கள். அவன் படித்தான். கொற்றி நொண்டுவதும் தோள் திறப்பதும் நடிப்பென அறிந்தோம், நடிப்பு நம் குலத்திற்கு இழுக்கு, அவள் நிமிர்ந்து நின்று நேரே அடிக்கக் கடவாள் என்று உன் சொற்கள் ஏரிக்கரை முழுதும் ஒலித்தன. கருங்குன்ற நாட்டார் எமக்குத் தலைதாழ்த்தி நன்றி கூறினர். அந்த நன்றியை அரியணைக்குரிய முகத்தோடு யாம் ஏற்க வேண்டியிருந்தது.

கொற்றி கோலில் மை தோய்த்துக்கொண்டு இறங்கினாள். துடியன் இடத்தோள் பக்கம் திரும்பவேயில்லை. "நொண்டிக் கால் இதுதானே, பாப்போம்" என்று நகைத்தபடி குனிந்து, அவள் இடக்கணுக்காலில் முழு வலிமையோடும் வீசினான். குனிந்ததால் அவன் மார்பு திறந்தது. கொற்றியின் கோல்முனை அங்கே பதிந்தது. அன்றைய வெற்றி நமதே. ஆயினும் எலும்பு முறிந்த ஓசை எம் இருக்கை வரை கேட்டது.

மூன்றாம் நாள் அவளுக்குப் பதில் வேறொருவரை இறக்க முயன்றோம்; தொடங்கியவரே முடிக்க வேண்டுமென்று அவர்கள் மறுத்தனர். கட்டுப்போட்ட காலின்மேல் கணுக்காலை மூடும் உயர்ந்த செருப்பை இறுக்கிக்கொண்டு அவள் களமிறங்கினாள். இம்முறை நொண்டியது மெய். துடியனோ, "இன்னிக்கும் அதே கூத்தா?" என்றான். அவள் வலி தாளாமல் இடப்புறம் சாயும்போதெல்லாம், வலை விரிக்கிறாள் என்று அஞ்சி அவன் விலகினான். இருமுறை அவன் விலகுவதைக் கண்டதும் அவள் கண்கள் மாறியதை யாம் பார்த்தோம். பிறகு அவள் தன் வலியையே கோலாக்கி அவனை ஓட்டினாள். சாய்ந்து சாய்ந்து அவனைக் களத்தின் ஓரத்திற்குக் கொண்டுபோனாள். கால் முற்றும் மடங்கி அவள் மண்டியிட்டு விழுந்தபோது, ஒரே அடியில் முடித்திருக்கக்கூடியவன், இதுவும் வலையென்று அஞ்சித் தன் வலப்புறத்தைக் காத்துக்கொண்டு நின்றான். அவள் தரையிலிருந்தபடியே, ஓடம் தள்ளுவதுபோல் கழியை நீளத் தள்ளி, அவன் நெஞ்சைத் தொட்டாள்.

மதகு நமதாயிற்று. உன் ஓலை துடியனை மயக்கியதால்தான் வென்றோம் என்று இதைப் படிக்கும்போதே உனக்குத் தோன்றும். உன்னை யாம் தொட்டிலிலிருந்தே அறிவோம். அந்த எண்ணத்தை அவையில் சொல்லாதே, எம்மிடமும் சொல்லாதே. கணுக்கால் இரண்டிடத்தில் முறிந்தது என்றும், இனி நடப்பாள், ஆனால் கோல் பிடித்து நிற்கமாட்டாள் என்றும் மருத்துவர் கூறிவிட்டார். இளவரசரைக் கடியவேண்டாம், குலமானம் கருதித்தானே எழுதினார் என்று கொற்றி எம்மிடம் வேண்டினாள். ஆகட்டும் என்று அவளுக்கு வாக்களித்தோம். அந்த வாக்குக்கு அடங்கி எழுதிய ஓலை இது என்பதை உணர்க.

இனி ஆணை. திங்கட்கிழமை முற்பகலில் கொற்றியின் பல்லக்கு நகரின் கீழை வாயிலை அடையும். நீ முரசின்றி, குடையின்றி, வெறுங்காலோடு அங்கே நிற்கக் கடவாய். பல்லக்குச் சுமப்போர் மூவரே வருவர். முன்தண்டின் இடப்புறத்தை நீ தோளில் ஏற்று, அரண்மனை வரை வீதி வழியே சுமக்கக் கடவாய். யாரேனும் காரணம் கேட்டால் மெய்யைச் சொல்க.

இவை ஏரிக்கரையில் எம் கையால் எழுதி, எம் கணையாழி பதித்து விடுத்தவை. மறுமொழி எழுதவேண்டாம்.