பெரியம்மாவின் கை

தங்கச்சிக்கு,

காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள்கூட வந்துவிட்டன என்று மாப்பிள்ளை சொன்னார். மனசே சரியில்லை.

நீ படுத்திருக்கும்போது இதைச் சொல்லக் கூடாதுதான். சுகாதார ஆய்வாளர் எங்கள் விடுதிச் சமையலறைக்கே வந்துவிட்டார். "டைஃபாய்டு கிருமி உங்க பித்தப்பையில குடியிருக்கும்மா. உங்கள ஒண்ணும் பண்ணாது. உங்க கை வழியா மத்தவங்களுக்குப் போகும். சமைக்காதீங்க, இந்த மாத்திரையைச் சாப்பிடுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு தும்மல்கூடப் போடாதவள் நான்! மாத்திரையைக் குப்பையில் போட்டேன். விடுதியில் காய்ச்சலில் விழுந்தவர்களுக்கெல்லாம் ராப்பகலாக ஊட்டிவிட்டது யார்? அதற்கு முன் வேலை பார்த்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். பாவம், அந்தப் பெண் பிழைக்கவில்லை. நம் அம்மாவுக்கும் கடைசிவரை நான்தானே ஊட்டினேன்.

எங்கே போனாலும் இந்தக் காய்ச்சல் என் பின்னாலேயே வருகிறது, அவ்வளவுதான்.

வேலை போனதும் நல்லதுக்குத்தான். உன் பிள்ளைகளை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். கரண்டியால் கொடுத்தால் சின்னவள் வாய் திறக்க மாட்டாள். கையால் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள்.

காலையிலிருந்து, "பெரியம்மா, தலை வலிக்குது" என்கிறாள். நெற்றி லேசாகச் சுடுகிறது. வெயிலில் ஆடியிருப்பாள். பழம் பிழிந்து வைத்திருக்கிறேன், என் கையாலேயே.

நீ நிம்மதியாகத் தூங்கு.

பிள்ளைகளின் பக்கத்திலேயே இருக்கும்
உன் அக்கா