சூடோ போட்டால் ஓடும்

ஜூன் 9, திங்கள்
இன்றும் வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே சேதராப்பட்டு வந்தேன். கம்பெனியில் சர்வரைப் பார்க்க என்னோடு புதிதாக ஒருவன். மணிபாரதி, பாகூர்க்காரன். மாலையில் மேனேஜர் அரங்கநாதன் கூப்பிட்டு, மாதக் கடைசியில் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார். நான்கு வருஷமாக கான்ட்ராக்டில் மாடாய் உழைத்தவளிடம்! சிரித்துத் தலையாட்டினேன்.

ஜூன் 11, புதன்
பையன் கெட்டிக்காரன். சர்வரில் ஓடும் லினக்ஸ்தான் புதிது. அதுவும் எத்தனை நாளைக்கு?

ஜூன் 12, வியாழன்
சரக்குப் பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சிடும் புரோகிராமை அவன் ஓட்டினால் ‘பர்மிஷன் டினைட்’ என்று வருகிறது. “எதத் தொட்டாலும் இதத்தான் சொல்லுதுக்கா. இன்னா பண்றது?” என்றான்.

அந்த ஃபோல்டரைத் தொட உரிமையுள்ள குழுவில் அவனையும் சேர்த்தால் போதும், ஒரே வரி. சேர்க்கவில்லை. மொத்த அட்மின் உரிமையையும் தூக்கிக் கொடுத்து, எந்தக் கமாண்டுக்கும் முன்னால் ‘சூடோ’ என்ற வார்த்தையைப் போடு, அட்மினே ஓட்டுகிற மாதிரி ஓடும் என்றேன். ஓடியது. “தெய்வம்க்கா நீ” என்றான்.

சூடோ போட்டு ஓட்டினால் அதில் உண்டாகும் ஃபைலெல்லாம் அட்மின் பேருக்குப் போய்விடும், பட்டா மாறின நிலம் மாதிரி. காலையில் தானாக ஓடும் லேபிள் வேலை அதைத் தொட முடியாமல் நிற்கும். தெரிந்துதான் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி
ஒரு லேபிள்கூட வரவில்லை. சரக்கேற்ற முடியாமல் லாரி கேட்டிலேயே நின்றது. அரங்கநாதன் எல்லார் முன்னாலும் மணிபாரதியைக் கிழித்தார். அவன் பயத்தில் மேலும் மேலும் சூடோ போட்டான், சிக்கல் இன்னும் இறுகியது. மத்தியானம் வரை வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போய், ஃபைல்களைப் பழைய பேருக்கே மாற்றினேன். அரை நிமிஷ வேலை. லேபிள் சரசரவென்று வந்தது. ஜெயசுதா இல்லையென்றால் மானம் போயிருக்கும் என்றார் மேனேஜர். சந்தோஷமாகத்தான் இருந்தது. இதில் என்ன பொய் எழுத?

ஜூன் 14, சனி
அவனை நிறுத்திவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். “நீ சரியாத்தான்க்கா சொல்லியிருப்ப. நாந்தான் எங்கியோ தப்பா போட்டுட்டேன். உன் பேர யார்கிட்டயும் சொல்லல.”

பொண்டாட்டிக்கு ஏழாம் மாசமாம். அத ஏன்டா எங்கிட்ட சொல்ற? நானா கேட்டேன்? பார்த்துப் போப்பா என்றேன்.

ஜூன் 30, திங்கள்
நிரந்தர ஆர்டரை வாங்கத்தான் அரங்கநாதன் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

“அரை நிமிஷ வேலைய மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாம்மா? மேலருந்து ஒரு ஆளக் கொறைக்கச் சொன்னாங்க, நீயே கொறச்சிக் குடுத்துட்ட. நிரந்தரம்லாம் இப்ப இல்ல. ரெண்டு பேர் வேலையும் நீயே பாரு.”

சரி சார் என்றேன். வாயத் தொறந்தா அந்த மத்தியான விஷயத்த அரங்கநாதன் மேல சொல்லிடுவாரே.

ஜூலை 3, வியாழன்
இரண்டு பேர் வேலைக்கும் நான்தான். கண் எரிகிறது. மணிபாரதியிடமிருந்து மெசேஜ். அரியாங்குப்பத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். அங்கே என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறானாம். இன்னொரு ஆள் எடுக்கிறார்களாம், வருகிறாயா அக்கா என்று கேட்டிருந்தான்.

எப்போது வரட்டும் என்று உடனே பதில் போட்டேன்.