பக்கத்தில் விரித்த பச்சைப் பாய்

அன்பு மகள் ரிஸ்லாவுக்கு,

கிண்ணியாவிலிருந்து வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கட்டாரில் நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போன் இருக்க வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் உன் தங்கச்சி றிஷானா பக்கத்தில் வந்து நிற்கிறாள். முன்பெல்லாம் நிற்க மாட்டாள். அதனால் லீவு முடிந்து திரும்புகிற கலீலுர் றஹ்மானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருந்து வாசி.

விஷயம் என்னவென்றால், வீட்டில் எல்லோரும் திடீரென்று என்னோடு நல்லவர்களாகிவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

றிஷானாவின் மாப்பிள்ளை நஸ்ரியை உனக்குத் தெரியும். ஆட்டோ ஓட்டுகிறவன். இத்தனை வருஷத்தில் பெண்சாதியைப் பாலத்தடிக்குக் காற்று வாங்கக்கூடக் கூட்டிப் போகாதவன். இப்போது ஜும்மா முடிந்து சாப்பிட்ட கை காய்வதற்குள், "வாப்பா, வெளிக்கிடுங்க, எங்கயாச்சும் போவம்" என்கிறான். பெற்றோல் விற்கிற விலையில் இவனுக்கு என்ன வந்தது?

முதலில் திருகோணமலை டவுனுக்குப் போனோம். டச் பே கடற்கரையில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். அந்தப் பக்கத்து மான்கள் இப்போது புல்லைத் தேடுவதில்லை மகள். ஒன்று என் முன்னால் வந்து கடன் கேட்க வந்த ஆளைப்போல் நின்றது. பாதி ரோல்ஸைக் கொடுத்தேன். தின்றுவிட்டு மற்றப் பாதியைப் பார்த்தது. மானைப் பார்த்துக்கொண்டு இருந்ததில், பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து பச்சைப் பாய் விரித்ததை நான் கவனிக்கவில்லை. சிவப்பு மூடி போட்ட தண்ணீர்க் கான் ஒன்று. ஒரு இளம் மாப்பிள்ளையும் பெண்சாதியும். நடுவில் ஐம்பது தாண்டிய ஒரு பொம்பிளை. எல்லோரும் கடலைப் பார்க்க வருவார்கள். அவ என்னைப் பார்த்தா. நான் பார்த்ததும் கடல் பக்கம் திரும்பிவிட்டா.

அடுத்த முறை கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கு. வெளிக்கிட முன் றிஷானா என் தாடிக்கு மருதோன்றி வைத்துவிட்டாள். தலைக்கு நல்லதாம், குளிர்ச்சியாம். தாடிக்கு என்ன சூடு? கிணறு ஏழும் ஏழு விதம் என்று சொல்வார்கள். நான் ஒவ்வொன்றிலும் வாளி போட்டுக் காலுக்கு ஊற்றிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசிக் கிணற்றைத் தாண்டி மர நிழலுக்கு வந்தால், அதே பச்சைப் பாய். அதே சிவப்பு மூடி.

அந்த மாப்பிள்ளை எங்களுக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தான். நஸ்ரி அவனிடம், "எந்த ஊர் தம்பி?" என்று முதல்முதல் காண்கிறவன்போல் கேட்டான். மூதூர் என்றான். ஆனால் எங்கள் எல்லோருக்கும் சீனி போட்டவன், நஸ்ரிக்கு மட்டும் கேட்காமலே சீனியில்லாமல் நீட்டினான். பாலம் கட்டுவதற்கு முன் நான் பாதையில், ஆற்றைக் கடக்கிற அந்தத் தட்டைப் படகில், ஆட்களை ஏற்றி இறக்கியவன். ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் இரண்டு பக்கம் நிற்கிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அக்கரையில் இறங்கியதும் ஒரே சைக்கிளில் போவார்கள்.

அந்தக் கிழமைதான் நஸ்ரி என் அறையை டேப் வைத்து அளந்தான். கேட்டதற்கு, போன் திருத்துகிற கடை போட எத்தனை அடி வேண்டும் என்று சும்மா பார்க்கிறானாம். சும்மா பார்க்கிறவன் என் கட்டிலை நகர்த்திவிட்டு அளப்பானா?

நானும் படுத்திருந்து யோசித்தேன். பெண் பார்க்கிற விஷயமென்றால் எங்கள் பக்கத்தில் குமர்ப்பிள்ளை இல்லை. அவர்கள் பக்கத்தில் கலியாணம் முடிக்காத மாப்பிள்ளையும் இல்லை. அப்போதுதான் மகள், தாடியில் வைத்த மருதோன்றி ஞாபகம் வந்தது.

உனக்குத் தெரியாததில்லை. நம் பக்கத்தில் ஆம்பிளைக்கு ஏது வீடு? கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போகிறோம். உன் உம்மா சீதனமாகக் கொண்டுவந்த வீட்டை றிஷானாவுக்கு எழுதினோம், பக்கத்து வளவுக் காணியை உனக்கு எழுதினோம். உம்மா இருக்கும்வரை எனக்கு அது தோன்றவில்லை. அவ மௌத்தான பிறகு நான் மகள் வீட்டில் இருக்கிற ஆள். எனக்கு இன்னொரு கலியாணம் என்றால், நான் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டிய ஆள். பாசத்தில் செய்கிறார்களா, கட்டிலைக் கிளப்பச் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளி குச்சவெளிக் கடற்கரைக்குப் போனோம். நீ அனுப்பிய நீலச் சேர்ட்டைப் போடச் சொல்லி றிஷானா ஒற்றைக் காலில் நின்றாள். சாப்பிட்டு முடிந்ததும் சின்னவர்கள் எல்லோரும் ஒரேயடியாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் பாயில் நான், பச்சைப் பாயில் அவ. பெயர் றுக்கியா. அவவின் மாப்பிள்ளை மௌத்தாகி ஏழெட்டு வருஷமாம்; கூட வருவது மகளும் மருமகனுமாம்.

கடலைப் பார்த்துக்கொண்டே, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்று கூப்பிட்டு, அவதான் முதலில் கதைத்தா. "நானா, உங்கட வீடு பெரிய வீடாம். தனியா இரிக்கீங்களாம். மெய்யா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது மகள்ட வீடு. அதிலயும் என்ட அறைய அளந்து முடிச்சிட்டாங்க. உங்களுக்குத்தான் மூதூர்ல வீடு இரிக்கெண்டு நான் நினைச்சன்" என்றேன்.

"அத எப்பவோ மகளுக்குக் குடுத்தாச்சி. நான் ஹோல்ல பாய் போட்டுப் படுக்கிற ஆள்" என்றா.

விளங்கியதா மகள்? இவர்கள் என்னை அவவின் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அவர்கள் அவவை என் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். சீனி போடாத தேத்தண்ணிவரை விசாரித்தவர்கள், வீடு யாருடையது என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. அவ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நானும் சிரித்தேன். உன் உம்மா போன பிறகு அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

சிரித்து முடிந்து, பிள்ளைகளிடம் சொல்லிவிடுவோமா என்று கேட்டேன். "சொன்னா நாளைக்கே பயணம் நிண்டுடும் நானா. அடுத்த கிழம தம்பலகாமத்துக் குளத்துக்காம். நான் யானையக் கிட்டப் பாத்ததில்ல" என்றா.

அதனால் வீடு திரும்பியதும் நஸ்ரி, "எப்பிடி வாப்பா, இடம் புடிச்சிச்சா?" என்று ஒரு மாதிரிக் கேட்டபோது, இன்னும் இரண்டு மூன்று இடம் பார்த்தால்தான் சொல்ல ஏலும் என்றேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நீலச் சேர்ட் உன் யோசனையா, இவர்கள் கேட்டு அனுப்பினாயா? நீ ஒருநாளும் எனக்கு நீலம் அனுப்பியதில்லை. உண்மையைச் சொல்லு. நான் கோபிக்க மாட்டேன். றிஷானாவை ஏசாதே, அவள் சோறு போடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

உன் வளவில் கட்டிய அரைச்சுவருக்குள் இப்போது பக்கத்து வீட்டு ஆடு படுக்கிறது. முழு வீட்டையும் முடி என்று நான் சொல்லவில்லை. முன்னறைக்கு மட்டும் கூரை போட ஏலுமா என்று மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். பெரிய அறை வேண்டாம். உட்கார்ந்து கதைக்க இரண்டு கதிரை போட இடம் இருந்தால் போதும்.

அல்லாஹ் உங்கள் எல்லோரையும் பாதுகாக்கட்டும்.

உன் வாப்பா