வாரியத் தலைவரின் வாசலில் ஒட்டியிருக்கும் முதல் பரிசு

அனுப்புநர்:
சியா லி யுவன்,
சீனமொழி ஆசிரியை,
பூன் ஹியாங் சீனத் தொடக்கப்பள்ளி,
பெக்கான் ரெங்காஸ், ஜொகூர்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கல்வி இலாகா, ஜொகூர்.

பொருள்: சீனத் தூரிகை எழுத்துப் போட்டியில் மாணவி நூர் டாலிலாவின் முதல் பரிசு பறிக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் பத்தொன்பது பேர் மலாய்க் குழந்தைகள். அவர்கள் வராவிட்டால் இந்தச் சீனப்பள்ளியின் கதவு என்றோ சாத்தப்பட்டிருக்கும். பள்ளி வாரியத் தலைவர் திரு. ஆவ் கோக் செங்கின் மூன்று பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர்கள்.

2. சீனப் புத்தாண்டுக்கு வாசலின் இருபுறமும் ஒட்டும் வாழ்த்து வரிகளைச் சிவப்புத்தாளில் எழுதும் போட்டி, கடந்த பிப்ரவரி 6ஆம் தேதி நடந்தது. மாணவர் பெயர் தாளின் பின்பக்கத்தில் மட்டுமே இருக்கும். நடுவராக இருந்த தலைவரே ஒரு ஜோடித் தாளைத் தூக்கிப் பிடித்து, "இதுதான்யா எழுத்து! பரிசும் இதுக்குத்தான், இத ஒட்டப்போறதும் என் வீட்டு வாசல்லதான்" என்றார். பிறகு தாளைத் திருப்பினார். பெயர் நூர் டாலிலா, ஐந்தாம் வகுப்பு.

3. அதன்பின் அவர் கூறியதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்: "டீச்சர், மலாய்க்காரப் பொண்ணுக்குக் குடுத்தா ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும். நம்ம பிள்ளைங்க கை என்ன, சூம்பியா போச்சு?" முதல் பரிசு அவருடைய தம்பி பேரன் ஜுன் காய்க்குச் சென்றது. அவன் தாளில் மை வழிந்து இரண்டு எழுத்துகள் ஒன்றாகியிருந்தன. நான் மறுப்புத் தெரிவித்தபோது தலைமையாசிரியர், "சியா டீச்சர், பெருநாள் நேரம். வாய்ல ஒரு ஆரஞ்சுச் சுளையப் போட்டுக்கிட்டு சும்மா இருங்க" என்றார். சும்மா இருந்தேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

4. டாலிலா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "பின்னாடி பேரு எழுதாம குடுத்திருந்தா ஜெயிச்சிருப்பேனா டீச்சர்?"

5. பரிசைத் தர மறுத்தவர் தாளைத் திருப்பித் தரவில்லை. சொன்னபடியே அது அவர் வாசலில் ஒட்டப்பட்டது. இன்றும் இருக்கிறது. வாசலைப் பார்த்து நிற்பவருக்கு முதல் வரி வலப்பக்கம் இருக்கவேண்டும். அவர் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறார். படிக்கத் தெரிந்தவர் செய்யும் பிழை அல்ல இது. புத்தாண்டு விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புகைப்படம் இணைத்துள்ளேன்.

6. "சீனக் கல்வி நம் மூச்சு" என்று அவர் ஆண்டுதோறும் ஆற்றும் உரையை ஆறு ஆண்டுகளாக எழுதித் தருபவள் நான். ஒவ்வொரு சீன எழுத்தின் மேலும் அதன் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதித் தருவேன். உறையை மேடையில்தான் பிரித்து, அந்த ரோமன் எழுத்தைப் பார்த்தே வாசிப்பார்.

7. மாநிலப் போட்டி மே 9ஆம் தேதி. பள்ளியின் முதலிடக்காரர் மட்டுமே அதில் கலந்துகொள்ள முடியும். ஆகவே முடிவைத் திருத்தி டாலிலாவை அனுப்பவும், திரு. ஆவ் போட்டி நடுவராக இனி அமராதிருக்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

8. ஏப்ரல் 18 அன்று பள்ளியின் எண்பதாம் ஆண்டு விழாவுக்குத் தாங்களே சிறப்பு விருந்தினர். தலைவரின் உரையைச் சென்ற வாரமே ஒப்படைத்துவிட்டேன். "படிச்சேன் டீச்சர், ஒவ்வொரு வரியும் தங்கம்" என்று செய்தி அனுப்பினார். அதன் முதல் வரி: "இவ்வாண்டுப் போட்டியில் முதலிடம் நூர் டாலிலாவுக்கே உரியது, அதைப் பறித்தவன் நான்." இம்முறை ரோமன் எழுத்து ஒன்றுகூட இல்லை.

தாங்கள் முன்வரிசையில் அமரவேண்டும். டாலிலாவுக்கும் அவள் பெற்றோருக்கும் அதே வரிசையில் இடம் ஒதுக்கியுள்ளேன். விழா முடியும்வரை இம்மனுவின் நகல் அவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் உதவியைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: பெக்கான் ரெங்காஸ்
நாள்: 10.04.2026

இப்படிக்கு,
(ஒப்பம்)
சியா லி யுவன்

இணைப்பு: வாசலின் புகைப்படம் ஒன்று.