வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வா

கோல்வே, அயர்லாந்து
11 பிப்ரவரி 1996

ஆர்லெட்,

உடனே பதில் வேண்டும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் காரியக்கூ தீவுக்குத் திரும்பி வரப்போகிறேன். இந்த முறை பாய்ப்படகில் சுற்றிக்கொண்டு அல்ல, வேலைக்கு, குடியிருக்க. ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. கால்ம் போன வருஷம் வேறொருத்தியோடு போய்விட்டான். ஐம்பது வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

வேலை அனுமதிக்கு என்னென்ன தாள்கள் வேண்டும்? வாடகைக்கு வீடு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? இங்கிருந்து எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது? வெளியூர்க்காரர்கள் அங்கே வந்து செய்கிற பெரிய தப்பு என்ன? மாதச் செலவு இப்போது எவ்வளவு ஆகும்? அன்று பாய்மரம் முறிந்து கரை ஒதுங்கிய எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நீதான். இப்போதும் உன்னை விட்டால் கேட்க ஆளில்லை.

அவசரத்தில்,
ப்ரோனா


லரோஷ் குடா, காரியக்கூ
3 மார்ச் 1996

அன்புள்ள ப்ரோனாவுக்கு,

வணக்கம். நீ நலமா? உன் தங்கை நலமா? உன் இடது முழங்கால் இன்னும் குளிரில் வலிக்கிறதா? கால்ம் போனதைப் படித்து வருத்தப்பட்டேன், கொஞ்சம்தான். என்னிடம் வாங்கிக்கொண்டு போன ரம்பத்தை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

பார்த்தாயா, ஒரு கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும். நீயோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், கேள்விகளை மேஜையில் கொட்டிவிட்டாய். வெளியூர்க்காரர்கள் செய்யும் பெரிய தப்பு என்ன என்று கேட்டிருக்கிறாயே, அது இதுதான். கடைக்குள் போனால் வணக்கம். வேனில் ஏறினால் படியில் கால் வைத்தபடியே உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் வணக்கம். பல்வலியில் கன்னம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காத்திருக்கிறவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, வருகிற பதிலை நின்று கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் உன் காரியம். போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் யூனாவின் கடைக்குள் வந்ததும் வராததுமாகப் பால் இருக்கிறதா என்றார். யூனா பால் பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டே, "பாலா? பால் வந்து நாளாச்சுங்களே" என்றாள். அந்த மனிதர் பால் இல்லாத தீவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி மற்றவை. அனுமதித் தாள் கையில் வரும்வரை இங்கே ஒரு ஆணிகூட அடிக்காதே. சும்மா உதவி செய்தேன், சம்பளம் வாங்கவில்லை என்று சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதுவரை அங்கே எதையும் விற்காதே, வீட்டை முக்கியமாக. போலீஸ் சான்று, டாக்டர் சான்று, படிப்புச் சான்று எல்லாம் அசலாக, முத்திரையோடு வேண்டும். கம்பெனி முதலில் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும். அந்த வேலைக்குத் தீவுக்காரர் யாரும் இல்லை என்று ஆன பிறகுதான் வெளியூர்க்காரருக்கு அனுமதி. அதுவும் அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான். அவர்களோடு சண்டை போட்டால் மறுநாள் நீ பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வீடு பார்க்கப் போகும்போது ஜன்னலில் தெரிகிற கடலைப் பார்த்து மயங்காதே, பின்பக்கம் போய் மழைநீர்த் தொட்டியைப் பார். கூரைத் தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும். இந்த மாதம் என் தொட்டியில் வாளி தரை தட்டுகிறது. பட்டாளத்துக்காரர்கள் போடுகிற பச்சைப் புள்ளித் துணி ஒன்றும் கொண்டுவராதே, இறங்கும்போதே பிடுங்கிக்கொள்வார்கள். நீச்சலுடையோடு ஹில்ஸ்பரோ கடைத்தெருவில் நடக்காதே. கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கிற மரத்தடியில் மழைக்கு ஒதுங்காதே, சொட்டுகிற பால் பட்ட இடமெல்லாம் கொப்பளித்துப் போகும். மாதச் செலவு நீ என்ன தின்கிறாய் என்பதைப் பொறுத்தது. மீனும் துவரையும் சோளக்களியும் என்றால் எங்களைப் போல இருக்கலாம். கப்பலில் வருகிற பாலாடைக்கட்டிதான் வேண்டும் என்றால் என்னைக் கேட்காதே. விலையைக் கேட்டு, உன் ஊர்ப் பணத்தில் அது எவ்வளவு என்று சத்தமாகக் கணக்கும் போடாதே.

என்ன வேலை என்று நீ எழுதவில்லை. நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்கவும் இல்லை. கேட்காததற்கு எப்படிப் பதில் எழுதுவது?

அன்புடன்,
ஆர்லெட்


கோல்வே
24 மார்ச் 1996

அன்புள்ள ஆர்லெட்,

உன் கடிதம் வந்த அன்று முழுக்கச் சிரித்தேன். நீ கொஞ்சமும் மாறவில்லை. என்ன வேலை தெரியுமா? உன் வாசலிலேயே! லரோஷ் குடாவின் பாய்ப்படகுத் துறைக்கு மேலாளராக வருகிறேன். இனி தினமும் உன்னைப் பார்க்கலாம், உன் சோளக்களியைக் குறை சொல்லலாம்.

துறையின் முதலாளி திரு. டாலிமோர் மிகவும் உதவியாக இருக்கிறார். விளம்பரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது வெறும் சடங்கு என்று எழுதியிருக்கிறார். 'வெளிநாட்டுத் துறைகளில் பத்தாண்டு அனுபவம்' என்று போட்டுவிட்டால் தீவில் யார் வரமுடியும் என்கிறார். இப்போதைக்கு உள்ளூர்ப் பெண்பிள்ளை ஒன்று துறையைப் பார்த்துக்கொள்கிறதாம். நான் வந்ததும் அதற்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, உதவிக்கு வைத்துக்கொள்ளலாமாம். உனக்கு அந்தப் பெண்ணைத் தெரியுமா? எப்படிப்பட்டவள்? சொன்னதைக் கேட்கிறவளா?

திட்டாதே, வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டது. நல்ல மனிதர்கள். பேச்சு முடிந்துவிட்டது.

அன்புடன்,
ப்ரோனா


லரோஷ் குடா
14 ஏப்ரல் 1996

அன்புள்ள ப்ரோனாவுக்கு,

வணக்கம். நீ நலமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. ஆறு வருஷமாகத் துறையை 'இப்போதைக்கு'ப் பார்த்துக்கொள்கிறாள். படகுகளைக் கட்டுகிற மிதவைகளின் சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று மூச்சடக்கி மூழ்கிப் பார்ப்பவள் அவள். புயல் அறிவிப்பு வந்தால் எந்தப் படகைச் சதுப்புக்காட்டின் எந்தச் சந்துக்குள் செருகிக் கட்ட வேண்டும் என்று நின்ற இடத்திலிருந்து சொல்வாள். சுங்கத்துக்காரர்களோடு பேசுபவள், குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுகிற கப்பல்காரர்களைத் தூக்கிப் படுக்கவைப்பவள் எல்லாம் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். காலையில் வணக்கம் சொல்லாதவர்களுக்குக் காப்பி கொடுக்க மாட்டாள். டாலிமோர் இந்த ஆறு வருஷமும் அவள் கையால் காப்பி குடித்ததில்லை. பெயர் ஆர்லெட் குவாஷி.

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே, என் மேஜையிலேயே உட்கார்ந்து படித்தேன். எனக்குக் கோபம் வந்தது, ப்ரோனா. அவர் மேல் எவ்வளவு, உன் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். உன் பங்குதான் பெரிது. அவர் என் வீட்டில் ஒரு புயல்காலம் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை விளம்பரம் வந்தது. அன்றே நான் விண்ணப்பித்துவிட்டேன். டாலிமோரிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உனக்குப் போட்ட விளம்பரம் இல்ல, ஆர்லெட்."

"பத்திரிகை எல்லார் வீட்டுக்கும்தானே வருது, சார்" என்றேன்.

பெரிய தீவில், கிரெனடாவில் இருக்கிற தொழில் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. எதையும் உனக்குத் தெரியாமல் செய்வதாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் வெளிநாட்டுத் துறைகளில் வேலை பார்த்ததில்லை, உண்மை. வெளிநாட்டுப் படகுகள் எல்லாம் என்னிடம்தான் வந்திருக்கின்றன. இந்த வேலை எனக்கு வேண்டும். யாருக்கும் உதவிக்கு இருக்க மாட்டேன், உனக்கும்தான்.

வீட்டு விற்பனையை நிறுத்து. இதைத் தோழியாகச் சொல்கிறேன். மற்றதையெல்லாம் எதிராளியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆர்லெட்


கோல்வே
5 மே 1996

ஆர்லெட்,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை எழுதியிருப்பேனா? ஆனால் உன் முதல் கடிதத்திலேயே நீ சொல்லியிருக்கலாம். விளம்பரம், அனுமதி என்று பக்கம் பக்கமாக எழுதினாய். படகுத்துறையில் வேலை செய்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் டாலிமோரிடம் அன்றே வேண்டாம் என்றிருப்பேன்.

இப்போது முடியாது. உன் கடிதம் வருவதற்குள் வீட்டுப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டது. தங்கை வீட்டில், அவளுடைய தையல் அறையில் படுத்துக்கொள்கிறேன். உனக்குத் தீவு இருக்கிறது, கூரை இருக்கிறது, தெருவில் இறங்கினால் வணக்கம் சொல்ல ஊரே இருக்கிறது. எனக்கு இந்த வேலை ஒன்றுதான். ஒரு காலத்தில் நீ எனக்கு அக்காவாக இருந்தாய். அந்த உரிமையில் கேட்கிறேன், விலகிக்கொள். நான் வந்ததும் உன் சம்பளத்தை ஏற்றச் சொல்லி அவரிடம் நானே பேசுகிறேன்.

ப்ரோனா


லரோஷ் குடா
9 ஜூன் 1996

அன்புள்ள ப்ரோனாவுக்கு,

வணக்கம். தையல் அறையில் படுக்கை சரியாக இருக்கிறதா? முழங்காலை மடக்கி வைத்துத் தூங்காதே.

நான் விலகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கிரெனடாவுக்கு, தொழில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், டாலிமோரையும் என்னையும். விடிகாலைப் படகில் போனேன். கோயிலுக்குப் போகிற நீலப் பாவாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டேன். அதிகாரி ஒரு பெண்மணி. அவருக்கு வணக்கம் சொன்னேன், அவர் சொன்னார், கடல் எப்படி இருந்தது என்று கேட்டார், நானும் சொன்னேன். அப்புறம் டாலிமோர் வந்தார். வந்தவர் தாள்கட்டை மேஜையில் போட்டு, அனுமதி ஏன் இவ்வளவு தாமதம் என்று தொடங்கினார். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காலை வணக்கம் என்றார். ஆமாம் ஆமாம், அந்த அனுமதி என்றார் இவர். அவர் மறுபடியும் காலை வணக்கம் என்றார். கோபமில்லை, அவசரமும் இல்லை. கடைசியில் இவர் வாயிலிருந்து அது வந்தது. ஆறு வருஷத்தில் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் குனிந்து சரிசெய்துகொண்டேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

ஆனால் வேலை அதனால் கிடைக்கவில்லை. அப்படி நினைத்துக்கொள்ளாதே. அந்த அம்மாள் டாலிமோரின் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தீவுல இந்த வேலை தெரிஞ்ச ஆளே இல்லேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இத்தனை நாளா துறைய யாரு பாத்துக்கிட்டது?"

டாலிமோர் கூரையைப் பார்த்தார், தாள்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேறு பக்கம் பார்க்க அந்த அறையில் இடமில்லை. உன் அனுமதி இல்லை என்றாகிவிட்டது. 'இப்போதைக்கு' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். நேற்று முதல் நான் மேலாளர்.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம் என்கிறாய். நீ கேட்டிருக்கலாம். மாதச் செலவைக் கேட்டாய், தாள்களைக் கேட்டாய், என்னை உனக்குத் தெரியுமா என்று என்னிடமே கேட்டாய். ஆர்லெட், நீ எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. வணக்கத்தை நாங்கள் வேலையில்லாமல் சொல்லிக்கொண்டு திரிவதாக உன் ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எதிரே யார் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. தெரிந்திருந்தால் நீ வீட்டை விற்றிருக்க மாட்டாய். உன் வீடு போனது எனக்கு வலிக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அக்காவாக இருந்தேன் என்பதற்காக என் நாற்காலியை எழுந்து கொடுக்க முடியாது. அக்காவைத்தான் நீ பெண்பிள்ளை ஒன்று என்று எழுதினாய்.

இன்னொரு விஷயம். துறையில் பாய் தைக்க ஆள் இல்லை. கிழிந்த பாய்களெல்லாம் கிரெனடாவுக்குப் போய் வருகின்றன. வரும் வெள்ளிக்கிழமை விளம்பரம் போடுகிறேன். உனக்கேற்ற மாதிரி அதில் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். தைக்கத் தெரிந்த தீவுக்காரர் வந்தால் வேலை அவருக்குத்தான். ஒருவரும் வராவிட்டால் நீ விண்ணப்பிக்கலாம், மற்ற வெளியூர்க்காரர்களைப் போல. அன்று கிழிந்த பாயை என் முற்றத்தில் உட்கார்ந்து நீயே தைத்தாய், உன் தையல் எனக்குத் தெரியும், ஆனாலும் தைத்துக் காட்டச் சொல்வேன்.

வந்தால் முன்வாசல் வழியாக வா. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்லியாகிவிட்டது.

அன்புடன்தான்,
ஆர்லெட் குவாஷி


கோல்வே
30 ஜூன் 1996

அன்புள்ள ஆர்லெட்டுக்கு,

வணக்கம்.

நீ எப்படி இருக்கிறாய்? புது வேலை எப்படிப் போகிறது? தொட்டியில் தண்ணீர் ஏறியதா? மூழ்கிப் பார்க்கிற வேலையை இன்னும் நீயேதான் செய்கிறாயா, வேறு யாரையாவது பழக்குகிறாயா? அந்த ஆறு வருஷமும் எப்படி இருந்தது என்று முதலிலிருந்து எழுது. நான் பொறுமையாகப் படிப்பேன்.

இந்தக் கடிதத்தில் வேறொன்றும் கேட்பதற்கில்லை.

ப்ரோனா